நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜூன் 9, திங்கள்

என் பெயர் தளவாய். இதை நானே எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

வயது எழுபத்தொன்று. ஊர் செவல்குளம். தொழில் மைக்செட். ஆறு மாதமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். பன்னிரண்டு பேர் படிக்கிறோம். நான்தான் மூத்தவன், நான்தான் முதலாவது. பால்கார செல்லையா இன்னும் ஒரு வரியை முடிப்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடிக்கிறான்.

இவ்வளவையும் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்?

ஜூன் 17, செவ்வாய்

படித்தவர்கள் எதையும் படிப்பதில்லை. இது நான் படிக்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்தது. தாலுகா ஆபீஸ் சுவரில் எட்டு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக நின்று வாசித்தேன். அதில் ஒன்று போன வருடமே முடிந்துபோன முகாமுக்கு. தினம் நூறு பேர் அதன் முன்னால் நின்று குமாஸ்தாவிடம், "முகாம் எப்ப சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கண் தெரிந்தும் குருடாக இருப்பதற்குப் பி.ஏ. படிக்க வேண்டும் போல.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். நாற்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் மைக் கட்டுகிறேன். கட்சிக் கூட்டம், காதுகுத்து, கோயில் திருநாள், எழவு, எல்லாவற்றுக்கும். மைக்செட்காரன் மேடையில் பேசுகிறவன் வாயைப் பார்க்கக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை மேலே போனால் சத்தத்தை ஏற்ற வேண்டும். கீழே வந்தால் இறக்க வேண்டும். கையை மூடினால் நிறுத்த வேண்டும். யார் கை என்று தெரிந்திருந்தால் போதும். எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்கிறவனுக்கு அடுத்த வருடம் வேலை கிடையாது.

மைக்கின் முன்னால் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மைக்கைத் தட்டுவார்கள். பாக்கிப் பத்துப் பேர் ஊதுவார்கள். நான் இப்போதுதானே ஒன், டூ, த்ரீ சொல்லிக் கொடுத்தேன்? அது போதாதாம். தன் விரலால் தட்டினால்தான் அவனுக்கு நம்பிக்கை.

ஜூன் 18, புதன்

வகுப்பு முடிந்ததும் கனி டீச்சரிடம் 'எட்டாம் திருநாள்' புத்தகத்தைக் கேட்டேன். முழுப்பெயர் முத்துக்கனி. கீழத்தெருக்காரி, சத்துணவுக்கூடத்தில் வேலை. அவள் அப்பா மாசானம் பஜாரில் தையல் கடை வைத்திருந்தார். நல்ல தையல்காரர். செத்துப் பல வருடமாகிறது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது.

"அதை எதுக்கு அண்ணாச்சி கேக்கிய?" என்றாள்.

"எல்லாவனும் பேசுதான். என்னதான் இருக்குன்னு பாப்பமேன்னு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. அது எப்படி அன்றைக்கென்று பையில் இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

"மெதுவாப் படிங்க. ஆனா நடுவுல விட்டுராதீங்க," என்றாள்.

ஜூன் 26, வியாழன்

ஒரு புதினம் என்ன பண்ணும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

'எட்டாம் திருநாள்' எழுதிய இராசையா நம் ஊர்க்காரன், கனி டீச்சரோடு படித்தவன். ஆறு வருடத்துக்கு முன்னால் மேலத்தெரு கோயில் கமிட்டி அதை எதிர்த்து மனு கொடுத்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மனைக் கேவலப்படுத்தியிருக்கிறதாம். நம் ஊர் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்தார்கள். இராசையாவை ஊருக்குள் வராதே, வந்தால் கலவரம் என்றார்கள். அவன் இன்றுவரை வரவில்லை. சந்தைத் திடலில் கூட்டம் போட்டுப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அதற்கும் நான்தான் மைக்.

கொளுத்தியது மூன்று புத்தகம். அதற்கு மேல் காசு கொடுத்து வாங்க ஒருவனுக்கும் மனது வரவில்லை. தீ பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பழைய டெலிபோன் டைரக்டரிகளை அள்ளிப் போட்டார்கள். ஊரில் பாதிப் பேரின் பெயரும் விலாசமும் எரிந்தது. பேசிய ஏழு பேரும், "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தப் படிச்சா ரத்தம் கொதிக்கும்" என்றார்கள். ஒருவரும் படிக்கவில்லை, ஏழு பேருக்கும் கொதித்தது. கடைசியாக வந்த பையன் மட்டும் அதே ஆத்திரத்தில் புத்தகத்தை எங்கேயோ பிரித்து நாலைந்து வரி வாசித்தான். குழாய், பாட்டு என்று ஏதோ வந்தது. அதற்குள் கை மூடினார்கள், நிறுத்திவிட்டேன்.

இப்போது அதே திடலில் ஜூலை 20ஆம் தேதி வெளியூர் எழுத்தாளர்கள் நாலு பேர் வருகிறார்கள். நாட்டில் எங்கெங்கோ எதிர்ப்பு வந்த புத்தகங்களைப் பொதுவில் உரக்க வாசிக்கப் போகிறார்களாம். மூன்று வேற்றூர்ப் புத்தகம். நாலாவது 'எட்டாம் திருநாள்', பக்கம் 112 முதல் 114 வரை. வாசிக்கப் போகிறவர் பெயர் அருவிக்கோ. பெரிய ஆள் என்று நோட்டீஸில் நடுவில் போட்டிருக்கிறது. மைக்செட்டுக்குக் கனி டீச்சர் என்னிடம் சொல்லிவிட்டாள். சரி என்றேன். கூம்புக் குழாய் இரண்டு, பெட்டி நான்கு.

ஜூலை 2, புதன்

இன்று நாற்பத்தொன்றாம் பக்கம் முடிந்தது. ஆஹா! வரி முடிகிற இடத்தில் அடுத்த வரி எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. நான் டீ குடித்துவிட்டு வந்தாலும் அங்கேயே நிற்கிறது. மேடைப் பேச்சாளன் எவனாவது அப்படி நின்றிருக்கிறானா?

கதை நம் ஊர்தான், பெயரை மாற்றியிருக்கிறான். ஒரு தையல்காரர். கோயிலுக்குப் புதுச் சப்பரக் குடை தைக்க அவரிடம்தான் பட்டைக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த வட்டாரத்தில் அவரைப் போலக் கை யாருக்கும் இல்லை. ஆனால் இன்னார் தைத்தது என்று வெளியே சொல்லக்கூடாது. வாங்கும்போது அவருக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு வாங்குகிறார்கள். அவர் விடிய விடிய மிதிக்கிறார். அந்த மிஷின் சத்தத்தை எழுதியிருக்கிறான் பாருங்கள், என் பெட்டியில் கூட அவ்வளவு துல்லியமாகக் கேட்காது.

டீக்கடையில் உட்கார்ந்து வாசித்தேன். ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு ஓய்? சாமி புஸ்தகம் படியும்," என்றார். நீங்கள் இதைப் படித்துவிட்டீர்களா என்று கேட்டேன். "நான் எதுக்குப் படிக்கணும்?" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்.

ஜூலை 8, செவ்வாய்

கோமதிநாயகம் தன் ரைஸ்மில்லுக்குக் கூப்பிட்டுவிட்டார். கமிட்டித் தலைவர். இவருக்கு முன்னால் இவர் அப்பா தலைவர். அப்பாவின் கையையும் நான் பார்த்திருக்கிறேன், இவர் கையையும் பார்க்கிறேன். பக்கத்தில் ஒரு வக்கீல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"வே தளவாய், கீழத்தெரு டீச்சருக்கு மைக்செட் ஒத்துக்கிட்டீராமே?"

"ஆமா. யாரு கேட்டாலும் கட்டுவேன். உங்க கூட்டத்துக்கும் கட்டுனேம்லா?"

"கட்டும். வேண்டாம்னு சொல்லலவே. நாம தடுத்தா பேப்பர்ல போடுவான். அவனுவ வாசிக்கட்டும். அந்த நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வருதப்ப மட்டும் மைக் அவுட்டாயிரணும். கரண்டு போச்சு, வயர் அந்துட்டு, என்னத்தையாவது சொல்லும்."

"அந்த இடம் எப்ப வரும்னு எனக்கு எப்பிடி தெரியும்?"

கோமதிநாயகம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையில் கிடந்த ஜெராக்ஸைப் பார்த்தார். அதில் ஆறு வரி இருந்தது, இரண்டு வரி கறுத்துப்போயிருந்தது.

"வக்கீலய்யா முழுசும் படிச்சிருப்பாவ," என்றேன்.

"நான் மனு எழுதுனவன்வே. மனு எழுதப் புஸ்தகம் எதுக்கு?"

"கமிட்டில வேற யாராச்சும்?"

"அந்தக் கருமத்த எவன் படிப்பான்?" என்ற கோமதிநாயகத்துக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. "ஏ, நீரு படிக்கீராமே! டீக்கடையில சொல்லிச் சிரிச்சானுவ. அப்ப உமக்குத்தான்வே தெரியும், எந்த இடம்னு! நான் முன்னால நிப்பேன். கைய மூடிக் காட்டுவேன். நான் காட்ட முந்தியே உமக்குத் தெரிஞ்சிட்டுன்னா நீரே அமத்திரும்."

ஒரு புத்தகத்தை ஊரே எதிர்க்கிறது. எந்த இடத்தில் எதிர்க்க வேண்டும் என்று சொல்ல, ஆறு மாதத்துக்கு முன்னால் கைநாட்டாக இருந்த ஒரு கிழவன் தேவைப்படுகிறான். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது சொன்னார்: "ஆவணித் திருநாளுக்கு இந்த வருசமும் நீருதான். பத்து நாளும். உம்ம மவன் புதுப் பொட்டி எல்லாம் வாங்கிப் போட்டிருக்கான்லா. பாத்துக்கிடும்."

ஜூலை 9, புதன்

மகன் லிங்கத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவனிடமும் சொல்லியிருக்கிறார்கள்.

"யப்பா, ஒரு நிமிசம் அமத்துனா என்ன கொறஞ்சிரும்? திருநாள் போச்சுன்னா மத்த ஒரு கோயில்காரனும் நம்மளக் கூப்பிட மாட்டான். பொட்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"படிச்சிட்டு இருக்கேம்ல. இன்னும் அந்தப் பக்கம் வரல."

"படிச்சி என்னத்தக் கிழிக்கப் போறீய?" என்றான். இவன் பன்னிரண்டாவது வரை படித்தவன். செல்போனில் யாரோ குத்தாட்டம் போடுவதைப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு வருடமும் உதவியிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

112. 113. 114.

கை வலிக்கிறது. எழுதவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 16, புதன்

மழை இல்லை. பெட்டிகளைத் துடைத்தேன். கூம்புக் குழாய் ஒன்றில் குருவி கூடு கட்டியிருந்தது, எடுத்துப் போட்டேன். அந்தக் குழாய் பழசு. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் பஜார் முக்கில் மின்கம்பத்தில் கட்டியிருந்ததும் அதுதான். ஏன் அதை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்று லிங்கம் கேட்டுக்கொண்டே இருப்பான்.

ஜூலை 17, வியாழன்

கூட்டத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி வாங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மைக்செட்காரன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவது அவர்கள், கைநாட்டு வைப்பது நான். நாற்பத்தைந்து வருட வழக்கம். ரைட்டர் வழக்கம்போல மைப்பெட்டியைத் தள்ளினார்.

"பேனா குடுங்க," என்றேன்.

"எதுக்குய்யா?"

"கையெழுத்துப் போட."

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. பேனாவை வாங்கிக்கொண்டு பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். ரைட்டர், "யோவ், எல்லாம் வழக்கமா உள்ளதுதான், போட்டுட்டுக் கிளம்பும்," என்றார். நான் வாசித்தேன். அவர் ஒரு டீ குடித்து முடித்தார். நான் வாசித்தேன். எஸ்.ஐ. ரவுண்ட்ஸ் போய்விட்டு வந்து, "இந்தாளு இன்னும் இங்கயா இருக்காரு?" என்றார்.

ஐந்தாவது வரியில் இருந்தது: 'காவல்துறை எழுத்து மூலமாகக் கேட்டுக்கொண்டால் ஒலிபெருக்கியை உடனே நிறுத்துவேன்.'

எழுத்து மூலமாக. இரண்டு தடவை வாசித்தேன். இத்தனை வருடத்தில் எந்தப் போலீஸ்காரரும் எனக்கு ஒரு துண்டுத்தாள் நீட்டியதில்லை. தூரத்தில் நின்று லத்தியை ஆட்டுவார்கள். நான் அமர்த்திவிடுவேன். இப்படி ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியாது, கைநாட்டு. அவர்களுக்கும் தெரியாது, படித்தவர்கள்.

'தளவாய்' என்று போட்டேன். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பரவாயில்லை, விழவில்லை.

ஜூலை 19, சனி

எழுத்தாளர்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். திடலில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அருவிக்கோ வந்து பார்த்தார். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. தாடியைச் சீவிக்கொண்டுதான் வெளியே வருவார் போல.

"பெரியவரே, என் குரல் கனமான குரல். எக்கோ கொஞ்சம் தூக்கலா வையுங்க," என்றார்.

"எக்கோ வச்சா வாசிக்கிற எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு விழும்யா. வாசிப்புக்கு ஆகாது."

"நாளைக்கு நான் வாசிக்கப்போறது வெறும் எழுத்து இல்ல பெரியவரே. நெருப்பு." மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்புறம் எஸ்.ஐ. வந்து அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தேன். எஸ்.ஐ. பேசினார். அருவிக்கோ தலையாட்டினார். மறுபடியும் தலையாட்டினார். பஜ்ஜி வந்தது. அப்போதும் தலையாட்டினார். நாற்பத்தைந்து வருடமாக ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தவனுக்கு, சத்தம் கேட்காவிட்டாலும் தலையாட்டலின் அளவு தெரியும்.

சாயங்காலம் கனி டீச்சர் வந்தாள். "காய்ச்சல் விட்டுட்டா அண்ணாச்சி?"

"விட்டுட்டு."

"புஸ்தகம்?"

"படிச்சி முடிக்கல. இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வயரைப் பார்த்தேன்.

ஜூலை 21, திங்கள்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன். சாயங்காலமாகிவிட்டது.

கூட்டம் நான்கு மணிக்கு. அனுமதி ஏழு மணி வரை. முந்நூறு பேர் இருக்கும். கீழத்தெரு ஆட்கள் வலதுபுறம், கமிட்டி ஆட்கள் கறுப்புத் துணியோடு இடதுபுறம். நடுவில் போலீஸ். முன்னால் கோமதிநாயகம், வெள்ளை வேட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு.

முதல் எழுத்தாளர் புத்தகத்தை மைக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். பாதிச் சத்தத்தைப் புத்தகமே தின்றது. புத்தகத்தை எதிர்ப்பவர்கள் செய்ய முடியாததை அவரே செய்தார். இரண்டாமவர் தன் மேல் போட்ட வழக்குகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். வாசித்தது நாலு வரி. வழக்குதான் அவருக்கு நகை, கழற்றவே மாட்டார். மூன்றாவதாக நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள். பேரைக்கூடச் சொல்லவில்லை. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசித்தாள். அவள் குரலுக்கு நான் எந்தத் திருகையும் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

பிறகு அருவிக்கோ. கருத்துரிமை என்ற சொல்லை மட்டும் பதினேழு தடவை சொன்னார். நெருப்பு என்றார். 'எட்டாம் திருநாள்' புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். கோமதிநாயகம் கையை அவிழ்த்தார். என் விரல் திருகில் இருந்தது. கனி டீச்சர் மேடை ஓரத்தில் நன்றியுரைத் தாளை வைத்துக்கொண்டு நின்றாள்.

அருவிக்கோ வாசித்தார். மழை பெய்தது. குளம் நிறைந்தது. கொக்கு வந்தது.

அது மூன்றாம் பக்கம். எனக்குத் தெரியும், அந்தக் கொக்கைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் கொக்கோடு நிறுத்தி, புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி ஒரு நிமிடம் நின்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கமிட்டி ஆட்களும் தட்டினார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தடுத்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு, இவர் வாசித்துவிட்டதாக மற்றவர்களுக்கு நினைப்பு, எல்லோருக்கும் திருப்தி. அந்த முந்நூறு பேரில் அது எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அருவிக்கோ, கனி டீச்சர், நான்.

கனி டீச்சர் கையிலிருந்த நன்றியுரைத் தாளை மடித்தாள். மறுபடியும் மடித்தாள். இன்னும் மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

என் பக்கத்தில் டெஸ்டிங் மைக் உண்டு. நான் ஒன், டூ, த்ரீ சொல்லும் மைக். மேடை மைக்கை அமர்த்திவிட்டு அதைப் போட்டேன். மஞ்சள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "விட்டுப்போன பக்கத்த வாசிக்கேன்," என்றேன். என் குரல் என் குழாயிலேயே வந்தது. இத்தனை வருடத்தில் எண்களைத் தவிர நான் அதில் எதுவும் சொன்னதில்லை.

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். வேறு எப்படி வாசிப்பேன்? கு. டை. குடை. குடை அம். மனுக்கு. பின்னால் சிரித்தார்கள். "தாத்தாவுக்கு என்னாச்சு? டெஸ்டிங்கா?" என்று ஒருவன் கத்தினான். நான் வாசித்த வேகத்தில், அது எந்தப் பக்கம் என்று கமிட்டிக்குப் புரியவே பத்து நிமிடம் ஆனது. அதற்குள் இந்த வரிகள் முடிந்திருந்தன:

'குடை அம்மனுக்கு மேல் விரிந்தது. அதன் உள்மடிப்பில் சிவப்பு நூலில் தையல்காரரின் பெயர் இருந்தது. அம்மன் மட்டும்தான் அண்ணாந்து பார்த்தாள். பார்த்து, அவளும் ஒரு பெண்பிள்ளைதானே, சிரித்தாள்.'

இவ்வளவுதான். இதற்குத்தான் ரத்தம் கொதித்தது. அம்மன் சிரித்தது குற்றம்.

கோமதிநாயகம் கையை மூடிக் காட்டினார். பார்த்தேன். இன்னும் உயர்த்திக் காட்டினார். முகத்துக்கு நேராகக் காட்டினார். நாற்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு கையைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில், கோயில்காரர்கள் குடையிலிருந்த பெயரைக் கண்டுபிடித்தார்கள். கத்திரியால் அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். குடையை வைத்துக்கொண்டார்கள். நம் கோயிலில் இன்றும் அந்தக் குடைதான். சப்பரத்தடியில் உட்கார்ந்து வயர் சுற்றும்போதெல்லாம் உள்மூலையில் ஒட்டுத்துணியைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்.ஐ. வந்துவிட்டார். "யோவ் பெரியவரே, நிப்பாட்டும்யா!"

"எழுதித் தாங்கய்யா," என்றேன், மைக்கிலேயே.

"என்னது?"

"எழுத்து மூலமாக் கேட்டா நிப்பாட்டுவேன்னுதான் பத்திரத்துல போட்டிருக்கு. அஞ்சாவது வரி. நான் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

கீழத்தெருப் பக்கம் ஒரு சிரிப்பு எழும்பியது. எஸ்.ஐ. தாள் தேடினார். கூட்ட நோட்டீஸின் பின்பக்கம் கிடைத்தது. பேனா இல்லை. மேடையில் நின்ற அருவிக்கோ ஜிப்பாப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அந்த எழுத்தாளரின் பேனா அன்று செய்த வேலை அது ஒன்றுதான்.

எஸ்.ஐ. எழுதட்டும் என்று நான் நூற்றுப் பதினாலாம் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத எழுத்து ஒன்றுகூட இல்லை. இருந்தும் அதுதான் மெதுவாக வந்தது.

'எட்டாம் திருநாள் சாயங்காலம் கடைக்குள் நான்கு பேர் நுழைந்து, கதவுப் பலகைகளை உள்ளேயிருந்து சாத்தினார்கள். பெயர் தைத்த கை எது என்று கேட்டார்கள். தையல்காரர் கத்தினார். கூப்பிடு தூரத்தில் போலீஸ் இருந்தது. கடை முன்னால் மின்கம்பத்தில் குழாய் பாடிக்கொண்டிருந்தது. கமிட்டிப் பெரியவர் உள்ளங்கையை மேலே காட்டினார். பாட்டுச் சத்தம் ஏறியது. அதன் பிறகு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றியவன் பெயர் யாருக்கும் தெரியாது.'

புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக் கொடுத்தது. இந்த ஒரு இடத்தில் மாற்றினேன்.

"ஏற்றியவன் பெயர் தளவாய்," என்று வாசித்தேன்.

அதை எழுத்துக் கூட்டவில்லை. அந்தச் சொல்லை ஆறு மாதமாக எழுதிப் பழகியிருக்கிறேன்.

எஸ்.ஐ. தாளை நீட்டினார். அதையும் முழுதாக வாசித்தேன். பிறகு திருகை இறக்கி அமர்த்தினேன். கோமதிநாயகத்தின் கை இன்னும் மூடியே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

கனி டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என்னை நன்றாகத் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பா மாசானத்தின் வலது கை அதன் பிறகு பன்னிரண்டு வருடம் மடியில் கிடந்ததைச் சொல்வாள் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாத ஒன்றை நான் ஊருக்கு அறிவித்துவிட்டதாகவும் நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். மைக் இல்லாததால் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அப்போ ஊர்லயே மைக்செட் ஒண்ணுதான அண்ணாச்சி இருந்துச்சு," என்றாள்.

ஊரைப் பற்றி இத்தனை பக்கம் இளக்காரமாக எழுதியிருக்கிறேன். ஊருக்கு முப்பத்து நான்கு வருடமாகத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஆவணித் திருநாளுக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து வேறு செட் பேசிவிட்டார்கள். லிங்கம் என்னோடு பேசவில்லை. பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினான்.

அருவிக்கோவின் பேட்டி பேப்பரில் வந்திருக்கிறது. 'செவல்குளத்தில் நெருப்பை வாசித்தேன்' என்று தலைப்பு. கடைசி வரை வாசித்தேன். கொக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூலை 23, புதன்

வகுப்புக்குப் போனேன். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டேன். கனி டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதியிருந்தாள். அதன் கீழே ஒரு பத்தி.

யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் கை தூக்கினேன்.

பார்த்தாள். பார்த்தும் பார்க்காமல், "செல்லையாண்ணே, நீங்க வாசிங்க," என்றாள். செல்லையா தண்ணீர் குடித்தான், வாசித்தான், மறுபடியும் குடித்தான். பத்தி முடியும்வரை நான் கையை இறக்கவில்லை. தோள் இன்னும் வலிக்கிறது.

நாளைக்கும் தூக்குவேன்.